நடை சாத்துவதற்குள் காஞ்சி

காலை பத்து மணிக்கு மேல் காஞ்சிபுரத்தில் வந்து இறங்குகிற வேன்களுக்கெல்லாம் ஒரே கதிதான். ஏகாம்பரநாதர் கோயிலில் அவசரமாக ஒரு சுற்று, காமாட்சியம்மன் கோயில் வரிசையில் முக்கால் மணி நேரம், வெளியே வந்தால் மணி பன்னிரண்டரை. எல்லாக் கோயிலிலும் நடை சாத்தியாகிவிட்டது. நாலு மணி வரை போக்கிடம் இல்லாத கூட்டத்தை டிரைவர் ஒரு பட்டுக் கடை வாசலில் இறக்கிவிடுவார். அவருக்கு அங்கே கமிஷன் உண்டு. சாயங்காலம் வரதராஜரை எட்டிப் பார்த்து, பல்லியைத் தொட்டு, ஊர் திரும்பினால் "காஞ்சிபுரம் பார்த்தாச்சு".

சென்னையிலிருந்து 75 கிலோமீட்டர்தானே, ஒரு நாள் போதும் என்ற கணக்கில்தான் தப்பு. இங்கே தூரத்தை விட்டுவிட்டு நடை திறந்திருக்கும் நேரத்தைக் கணக்கிட வேண்டும். பெரும்பாலான கோயில்கள் காலை ஆறு, ஆறரைக்குத் திறந்து பன்னிரண்டு வாக்கில் மூடுகின்றன. மறுபடி மாலை நாலு முதல் எட்டு, எட்டரை வரை. இதில் அலங்காரத்துக்கும் நைவேத்தியத்துக்கும் திரை போடுகிற நேரத்தைக் கழித்துக்கொள்ளுங்கள். தொல்லியல் துறைப் பராமரிப்பில் இருக்கிற கோயில்கள் நாள் முழுக்கத் திறந்திருக்கும் என்று நினைத்து உச்சி வெயிலில் கைலாசநாதர் கோயிலுக்குப் போய்ப் பூட்டைப் பார்த்துவிட்டு வருகிறவர்கள் நிறைய. அதற்கும் மதிய ஓய்வு உண்டு. ஆழ்வார்கள் பாடிய பெருமாள் கோயில்களான திவ்யதேசங்களில், சின்னவற்றில் நிலைமை இன்னும் இறுக்கம். பட்டர், அதாவது அர்ச்சகர், ஒருவரே வேறு சன்னதியையும் கவனிப்பவராக இருக்கலாம், கூட்டம் இல்லையென்றால் சீக்கிரமே கதவைச் சாத்திவிடுவார். அவற்றுக்குக் காலை எட்டிலிருந்து பத்துதான் நம்பகமான நேரம்.

ஆகவே இரண்டு காலைப்பொழுதும் நடுவில் ஒரு மாலைப்பொழுதும் ஒதுக்குங்கள். ஒரு பொழுதுக்கு நாலைந்து கோயிலுக்கு மேல் வேண்டாம்.

ஊரின் அமைப்பு மனசில் இருந்தால் அலைச்சல் பாதியாகக் குறையும். பஸ் ஸ்டாண்டைச் சுற்றியும் அதற்கு மேற்கிலும் இருப்பது பெரிய காஞ்சிபுரம், அதாவது சிவகாஞ்சி. தென்கிழக்கே மூன்று நான்கு கிலோமீட்டர் தள்ளி வரதராஜப் பெருமாளைச் சுற்றியிருப்பது சின்ன காஞ்சிபுரம், விஷ்ணுகாஞ்சி. வேகவதியைத் தாண்டித் தென்மேற்கே திருப்பருத்திக்குன்றம். இது ஜினகாஞ்சி, பலரும் பட்டியலிலேயே சேர்க்காத காஞ்சி.

முதல் காலையைக் கைலாசநாதரில் தொடங்குங்கள். கோயில் கிழக்குப் பார்த்தது, இளவெயில் முகப்பில் விழும்போது மணற்கல்லின் வரிகள் எடுப்பாகத் தெரியும். எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இராஜசிம்மன் என்ற பல்லவ மன்னன் இரண்டாம் நரசிம்மவர்மன் கட்டியது. கல்வெட்டில் இதன் பெயர் இராஜசிம்மேச்வரம். வாசலுக்கு முன்னாலேயே சின்னச் சின்ன விமானங்கள் வரிசையாக நிற்கும். அதில் ஒன்று இராஜசிம்மனின் அரசி ரங்கபதாகை எடுத்தது, கல்வெட்டு அங்கேயே இருக்கிறது. எல்லாரும் அதைத் தாண்டித்தான் உள்ளே ஓடுகிறார்கள்.

நுழைவதற்கு முன் அடித்தளத்தைப் பாருங்கள். கீழ் வரிசைகள் கருங்கல், அதற்கு மேல் மணற்கல். மணற்கல் செதுக்குவதற்கு இளகிக் கொடுக்கும், ஆனால் நீரைக் குடிக்கும். தரையிலிருந்து ஏறுகிற ஈரத்தோடு உப்பும் ஏறி, காயும்போது மேல்தோல் உரியும். கருங்கல் அந்த ஈரத்தைத் தடுக்கிறது. மேலே இருந்த மணற்கல்லுக்குச் சுதை, அதாவது சுண்ணாம்புச் சாந்து, பூசி வண்ணமும் தீட்டியிருந்தார்கள், மழைக்கு அதுதான் சட்டை. சுதை போன இடத்தில் கல் கரைந்திருக்கிறது. பிற்காலத்தில் அந்தச் சிதைவை மறைக்க அப்பிய பூச்சில் யாளிகள் பல மொழுக்கென்று ஆகிவிட்டன. ஒரே தூணில் பல்லவ உளியும் பிற்காலக் கொத்தனார் கரணையும் பக்கத்தில் பக்கத்தில் தெரியும். பழகிய கண்ணுக்கு இரண்டையும் பிரிப்பது கடினமில்லை. உளி பட்ட இடத்தில் மடிப்பும் விளிம்பும் கூர்மையாக இருக்கும், கரணை பட்ட இடம் உருண்டிருக்கும்.

திருச்சுற்று மதிலை ஒட்டி உள்பக்கம் 58 சிற்றாலயங்கள். ஒவ்வொன்றிலும் ஆள் உட்காரும் அளவுக்குத்தான் இடம். இவற்றின் அடியில் இராஜசிம்மனின் பட்டப்பெயர்கள் சுற்றிலும் செதுக்கப்பட்டுள்ளன. இருநூற்றைம்பது வாக்கில் வரும். ஒரே பெயர்களை வெவ்வேறு எழுத்து வடிவங்களில் அடுக்கடுக்காகத் திரும்பவும் வெட்டியிருக்கிறார்கள். சிவசூடாமணி, ஆகமப்ரமாணன் என்று போகிறது. ராஜாவுக்குத் தன்னடக்கம் கொஞ்சம் கம்மி. சிற்றாலயங்களின் உள்சுவரில் ஓவியத் துணுக்குகள் இருக்கின்றன. 1931இல் பிரெஞ்சு ஆய்வாளர் ழுவோ துப்ரேய் கண்டெடுக்கும்வரை அவை பூச்சுக்கு அடியில் மறைந்து கிடந்தன. ஒன்றில் சோமாஸ்கந்தரின், அதாவது சிவனும் உமையும் நடுவில் குழந்தை முருகனுமாக அமர்ந்த கோலத்தின், கோடுகள் இன்னும் பிடிபடும். வெளிச்சத்திலிருந்து வந்தவுடன் எதுவும் தெரியாது. வெயிலுக்கு முதுகு காட்டி ஒரு நிமிஷம் நின்றால் காவி நிறக் கோடு மெல்ல எழும். சுவரில் சாயாதீர்கள், ஃபிளாஷ் அடிக்காதீர்கள்.

கருவறையில் பதினாறு பட்டை கொண்ட பெரிய லிங்கம், பின்சுவரில் சோமாஸ்கந்தர். கருவறையைச் சுற்ற ஒரு குறுகலான வழி உண்டு. தென்பக்கம் ஒரு பொந்தில் தவழ்ந்து நுழைந்து, உள்ளே நிமிர்ந்து நடந்து, வடபக்கம் மறுபடி தவழ்ந்து வெளியே வர வேண்டும். மறுபிறவிக்கு ஒப்பாகச் சொல்வார்கள். முழங்கால் வலி உள்ளவர்களும், இருட்டு நெருக்கடியில் மூச்சு முட்டுகிறவர்களும் தவிர்த்துவிடலாம், குறை ஒன்றும் இல்லை. உள்ளே போய்விட்டுத் திரும்பி வர நினைப்பதுதான் சிக்கல், பின்னால் ஆள் வந்துகொண்டிருப்பார். முன்னால் போனவர் முழுக்க வெளியேறிய பிறகு நுழையுங்கள்.

முன்மண்டபத் தூண் ஒன்றில் ஒரு கன்னடக் கல்வெட்டு இருக்கிறது. காஞ்சியைப் பிடித்த சாளுக்கிய மன்னன் இரண்டாம் விக்ரமாதித்தன், இந்தக் கோயிலின் செல்வத்தைப் பார்த்துவிட்டு அதை எடுத்துக்கொள்ளாமல் கோயிலுக்கே திருப்பிக் கொடுத்ததைச் சொல்வது. ஜெயித்தவன் தோற்றவன் கோயிலிலேயே தன் பெருமையை எழுதிவைத்துவிட்டுப் போயிருக்கிறான், பல்லவர்களும் அதை அழிக்கவில்லை. இந்த மண்டபம் முதலில் விமானத்திலிருந்து தனியாக நின்றது. நடுவில் அர்த்தமண்டபம் கட்டி இணைத்தது பிற்கால வேலை. கருவறைக்கு முன் ஏன் இத்தனை இருட்டு என்று கேட்பவர்களுக்கு அதுதான் பதில். பெரியபுராணத்தில் பூசலார் மனசுக்குள் கோயில் கட்டிய அதே நாளில் காடவர்கோன் என்ற பல்லவ அரசன் காஞ்சியில் கற்கோயிலுக்குக் குடமுழுக்கு வைத்திருந்தான் என்று வருகிறதே, அந்தக் கற்கோயில் இதுதான் என்பது பரவலாகச் சொல்லப்படுவது.

இங்கிருந்து ஆட்டோ பிடித்துத் திருப்பருத்திக்குன்றம் போய்விடலாம். வர்த்தமானர் கோயிலின் சங்கீத மண்டபம் பதினாலாம் நூற்றாண்டின் இறுதியில் விஜயநகர அமைச்சர் இருகப்பர் கட்டியது. அதன் விதானம் முழுக்க ஓவியம். ரிஷபதேவர், வர்த்தமானர் வரலாறுகளும், நேமிநாதரின் உறவினரான கண்ணனின் கதையும் பட்டை பட்டையாக ஓடும். நின்றபடியே அண்ணாந்து பார்த்தால் ஐந்து நிமிஷத்தில் கழுத்து பிடித்துக்கொள்ளும். காட்டுபவரிடம் கேட்டுத் தரையில் உட்கார்ந்து, ஒரு பட்டையின் தொடக்கத்தைக் காட்டச் சொல்லி அங்கிருந்து படியுங்கள். பூட்டியிருந்தால் அக்கம்பக்கத்தில் விசாரித்தால் ஆளைக் கூப்பிட்டுவிடுவார்கள்.

பெரிய காஞ்சிபுரத்துச் சிவன் கோயில்களில் ஒரு விஷயம் வெளியூர்க்காரர்களைக் குழப்பும். அம்மன் சன்னதியைத் தேடுவார்கள், கிடைக்காது. காஞ்சியின் சிவாலயங்கள் அத்தனைக்கும் அம்மன் காமாட்சி ஒருத்திதான் என்பது ஊர் மரபு. ஏகாம்பரநாதருக்கும் காமாட்சிக்கும் நடுவே குமரகோட்டம் இருப்பதால், மூன்றையும் சேர்த்து ஊர் அளவுக்கு ஒரு சோமாஸ்கந்தர் என்பார்கள். ஆகவே மூன்றையும் ஒரே பொழுதில், ஏகாம்பரம், குமரகோட்டம், காமாட்சி என்ற வரிசையில் பார்ப்பது பொருத்தம். எல்லாம் நடக்கிற தூரம்.

ஏகாம்பரநாதரின் தெற்குக் கோபுரம் 1509இல் கிருஷ்ணதேவராயர் எடுத்தது, சுமார் 190 அடி. உள்ளே மூலவர் பிருத்வி லிங்கம், அம்பாள் மணலில் பிடித்தது. மணல் என்பதால் பாணத்துக்கு, அதாவது லிங்கத்தின் மேல்பகுதிக்கு, நீர் அபிஷேகம் கிடையாது, அபிஷேகமெல்லாம் அடிப்பீடமான ஆவுடையாருக்குத்தான். பாணத்துக்குப் புனுகும் வாசனைத் தைலமும் சாத்துவார்கள். பால் குடத்தோடு வந்து "லிங்கத்துமேல ஊத்துங்க சாமி" என்று கேட்டு மனம் வாடாதீர்கள். வெள்ளத்துக்கு அஞ்சி அம்பாள் தழுவியபோது லிங்கம் குழைந்ததாம், தழுவக்குழைந்தார் என்ற பெயர் அதிலிருந்து வந்தது. சுந்தரர் இழந்த கண்களில் இடக்கண்ணைத் திரும்பப் பெற்றதும் இந்தச் சன்னதியில்தான், வலக்கண் திருவாரூரில். குமரகோட்டத்தில் கச்சியப்பர் கந்தபுராணத்தை அரங்கேற்றியபோது முதல் சொல்லான 'திகடசக்கரம்' புணர்ச்சி விதிக்கு ஒத்துவராது என்று சபையில் தடை எழுந்து, வீரசோழியம் என்ற இலக்கண நூலில் விதி காட்டித் தீர்த்தார்கள் என்பது மரபு. கோயில் அரங்கேற்றத்தையே இலக்கணம் நிறுத்திவைத்த ஊர் இது.

காமாட்சி பத்மாசனத்தில் அமர்ந்த கோலம். கரும்பு வில், மலர்க்கணை, பாசம், அங்குசம். எதிரே ஸ்ரீசக்கரம், குங்கும அர்ச்சனை அதற்கே. வெள்ளிக்கிழமையும் பௌர்ணமியும் கூட்டம் தாங்காது. செவ்வாய் தவிர்த்த மற்ற வாரநாள் காலை ஏழு மணிக்குப் போனால் நிதானமாகப் பார்க்கலாம். இங்கிருந்த பங்காரு காமாட்சி, அதாவது தங்கக் காமாட்சி, படையெடுப்புக் காலத்தில் ஊர் ஊராகப் போய்த் தஞ்சாவூரில் தங்கிவிட்டாள். அந்தப் பூசகர் குடும்பத்தில் வந்தவர்தான் கர்நாடக சங்கீத மும்மூர்த்திகளில் ஒருவரான சியாமா சாஸ்திரி.

திவ்யதேசக் கணக்குக்கு வருவோம். காஞ்சிக்குள் பதினாலு. ஆட்டோக்காரர்கள் அரை நாளில் முடித்துத் தருவதாகச் சொல்வார்கள், முடியும், ஆனால் எந்தப் பெருமாள் எந்தக் கோலம் என்பது வீட்டுக்கு வரும்போது நினைவில் இருக்காது. பதினாலில் ஆறு மூன்று வளாகங்களுக்குள்ளேயே அடங்கிவிடுகின்றன. நிலாத்திங்கள் துண்டத்தான் ஏகாம்பரநாதர் பிராகாரத்தில், கள்வனூர் காமாட்சியம்மன் கோயிலுக்குள். ஊரகம், நீரகம், காரகம், கார்வானம் நான்கும் உலகளந்த பெருமாள் கோயிலில். தெரியாமல் காமாட்சியைப் பார்த்துவிட்டு வந்து, கள்வனூரை விட்டுவிட்டோமே என்று மறுநாள் திரும்பி வரிசையில் நிற்கிறவர்கள் உண்டு. மீதி: பரமேச்சுர விண்ணகரம், பாடகம், பவளவண்ணம், அட்டபுயகரம், வேளுக்கை, தண்கா, வெஃகா, அத்தியூர். அத்தியூர் என்பது வரதர். அட்டபுயகரம், வேளுக்கை, தண்கா, வெஃகா நான்கையும் சின்ன காஞ்சிபுரம் போகிற வழியில் கோத்துக்கொள்ளலாம்.

உலகளந்த பெருமாள் முப்பது அடிக்கு மேல். கருவறையில் நிற்கிறவருக்குத் தூக்கிய திருவடி தெரியும், முகம் இருட்டில் போய்விடும். பட்டர் நீண்ட கம்பில் தீபத்தைக் கட்டி உயர்த்திக் காட்டுவார். கூட்டம் இருந்தால் தீபம் வேகமாக ஒரு சுற்று வந்துவிடும், அதனால் வரிசையில் நிற்கும்போதே எதைப் பார்க்கப் போகிறோம் என்று தெரிந்திருக்க வேண்டும். ஒரு கையில் இரண்டு விரல், மறு கையில் ஒரு விரல். அளந்தது இரண்டடி, மிச்சம் ஓரடி. வெஃகாவில் சொன்னவண்ணம் செய்த பெருமாள். திருமழிசையாழ்வாரின் சீடன் கணிகண்ணனை அரசன் ஊரைவிட்டு அனுப்ப, ஆழ்வார் சொற்படி பாயைச் சுருட்டிக்கொண்டு கிளம்பி, திரும்பி வந்து படுத்தவர். அதனால்தான் மற்ற ஊர் சயனத்துக்கு மாறாகத் தலைமாடு மாறியிருக்கிறது.

பரமேச்சுர விண்ணகரம் என்கிற வைகுந்தப் பெருமாள் கோயிலுக்குத் தனியாக ஒரு மணி நேரம் வேண்டும். இரண்டாம் நந்திவர்மன் கட்டியது. மூன்று தளக் கருவறை: கீழே இருந்த கோலம், நடுவில் கிடந்த கோலம், மேலே நின்ற கோலம். நடுத்தளத்தைச் சேவிக்க வேண்டுமானால் ஏகாதசியன்று வர வேண்டும், மேல்தளத்துக்கு அனுமதி இல்லை. சிங்கத்தூண் வரிசைக்குப் பின்னால் சுவர் முழுக்கப் பல்லவர் வரலாறு சிற்பமாக ஓடுகிறது. வாரிசில்லாமல் போன அரியணைக்குப் பன்னிரண்டு வயதுப் பையனைத் தேடிக் கொண்டுவந்து முடிசூட்டிய கதை அதில் இருக்கிறது. அந்தப் பையன்தான் கோயிலைக் கட்டிய நந்திவர்மன். தன் உரிமையைக் கல்லில் பதிவு செய்துகொண்டான் என்றுதான் இதைப் பார்க்கத் தோன்றுகிறது.

மதிய இடைவேளைக்குப் புடவைக் கடையைவிடப் பிள்ளையார்பாளையம் தேவலை. நெசவாளர் வீட்டுத் தறியில் கோர்வை, அதாவது கரையை உடலோடு கோத்து நெய்வது, போடுவதைப் பார்க்கலாம். உடலும் கரையும் வேறு வேறு நிறமாக இருக்கும்போது நூல் ஓட்டுகிற நாடா மூன்று வைத்து, பக்கத்தில் ஒரு ஆள் உதவிக்கு இருந்து, ஊடை என்கிற குறுக்கு நூலை ஒன்றோடொன்று பின்னிக் கோப்பார்கள். கரை சேரும் இடத்தில் பல் பல்லாகத் தெரிவது அந்தக் கோர்வைதான்.

காலில் செருப்பில்லாமல் நடக்க வேண்டும் என்பதை மறந்துவிட்டு வெயில்காலத்தில் வருகிறவர்கள் பாடு பரிதாபம். பங்குனி முதல் ஆனி வரை பதினொரு மணிக்கு மேல் ஏகாம்பரநாதர், வரதராஜர் வெளிப்பிராகாரக் கல் கொப்புளம் போட வைத்துவிடும். வெள்ளைப் பூச்சுப் பாதையும் கயிற்றுப் பாயும் எல்லா இடத்திலும் இருக்காது. குழந்தைகளுக்கும் பெரியவர்களுக்கும் பழைய சாக்ஸ் ஒரு ஜோடி எடுத்து வையுங்கள். அரைக்கால் சட்டை வேண்டாம். வெளிநாட்டு நண்பர்களை அழைத்து வந்தால், கொடிமரத்துக்கு அப்பால் அனுமதி இருக்காது என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், வாசலில் முகம் சுருங்க வேண்டாம்.

வரதராஜப் பெருமாள் கோயிலுக்கு மாலை வேளை நல்லது. முறைப்படி முதலில் பெருந்தேவித் தாயார், பிறகு பெருமாள். மூலவர் அத்திகிரி என்ற மேட்டின்மேல் இருக்கிறார், ஏற 24 படி, காயத்ரியின் 24 எழுத்துக்குக் கணக்கு. மலைக்குக் கீழே குகை போன்ற சன்னதியில் அழகியசிங்கர். தங்கப்பல்லி, வெள்ளிப்பல்லிக்கு முட்டி மோதுகிற கூட்டத்தில் பாதி இவரைப் பார்ப்பதே இல்லை. தீர்த்தம் வாங்கும்போது வலக்கைக்குக் கீழே இடக்கையை மேல்துணியோடு வைத்துக்கொள்ளுங்கள், தரையில் சிந்தக்கூடாது. சடாரி சாதிக்கும்போது குனிந்து வாயைப் பொத்திக்கொள்வது வழக்கம். சடாரி பெருமாளின் திருவடி, சடகோபரான நம்மாழ்வாரின் பெயரில் வழங்குவது. நூற்றுக்கால் மண்டபத்தில் தூண்களை எண்ணினால் 96தான் வரும். மூலையில் தொங்குகிற கல் சங்கிலிக்குக் கொடுக்கிற நேரத்தில் கொஞ்சம் தூண்களுக்கும் கொடுங்கள். அனந்தசரஸ் குளத்தில் நீருக்கடியில்தான் அத்தி மரத்தாலான அத்தி வரதர், நாற்பது வருஷத்துக்கு ஒரு முறை வெளியே வருபவர். 2019 ஜூலை 1 முதல் 48 நாள் வெளியே வந்தார், முதலில் சயனம், ஆகஸ்ட் தொடக்கத்திலிருந்து நின்ற கோலம். அடுத்தது 2059. அதுவரை அவரைக் காட்டுவதாகச் சொல்லி யாராவது காசு கேட்டால் கொடுக்காதீர்கள்.

பிரசாதத்தில் கோயில் இட்லியை விடக்கூடாது. ஓட்டல்களில் டம்ளரில் வார்த்துத் தருவது வேறு வகை. கோயிலில் நீளமான மூங்கில் குடலையில் மந்தாரை இலையைச் சுற்றிலும் அடுக்கி, மிளகு, சீரகம், சுக்கு, பெருங்காயம், நெய் சேர்த்த மாவை ஊற்றி வேகவைப்பார்கள். மூங்கிலின் இடுக்கு வழியாக ஆவி பக்கவாட்டிலும் ஏறும், இலை மாவு ஒழுகாமல் பிடிக்கும். அப்படியும் இரண்டு மூன்று மணி நேரம் ஆகும். அவசரத்தில் இறக்கினால் நடுவில் மாவாகவே இருக்கும், அதனால் நீளக் குச்சியைக் கடைசிவரை இறக்கிப் பார்த்து, ஒட்டாமல் வந்தால்தான் கவிழ்ப்பார்கள். இலையை உரித்தால் அதன் நரம்பு அப்படியே இட்லியில் பதிந்திருக்கும். மாவு கொரகொரவென்று அரைத்தது, பல்லில் மிளகு படும். சட்னி தேவைப்படாது.

திருவிழாவுக்கு என்றே வருவதானால் வைகாசி பிரம்மோற்சவத்தின் மூன்றாம் நாள் கருடசேவைதான். முந்தின இரவே சின்ன காஞ்சிபுரம் வந்து தங்கிவிடுங்கள். விடிந்த பிறகு வருகிற வண்டிகளை வெகுதூரத்திலேயே நிறுத்திவிடுவார்கள். ஸ்ரீபாதம் தாங்கிகள் தோளில் வாகனம் நடக்காது, ஓடும். பெருமாளுக்கு முன்னால் திவ்யப்பிரபந்த கோஷ்டி, பின்னால் வேத கோஷ்டி. இரண்டுக்கும் நடுவே படமெடுக்க நுழைகிறவர்கள் தள்ளப்படுவார்கள், அதில் கோபப்பட ஒன்றும் இல்லை. முன்னால் யார் பாடுவது, எந்தத் தனியன், அதாவது ஆசாரியரைப் போற்றும் தொடக்கச் சுலோகம், சொல்வது என்பதில் வைணவத்தின் இரு பிரிவுகளான வடகலைக்கும் தென்கலைக்கும் தலைமுறை தலைமுறையாக வழக்கு நடக்கிறது. குரல் உயர்ந்தால் ஒதுங்கி நில்லுங்கள், கருத்துச் சொல்லாதீர்கள்.

கூட்டம் பெரும்பாலும் வீதியில் நிற்கும். கோபுர வாசலுக்கு எதிரே, கொஞ்சம் தள்ளி, உயரமான திண்ணை ஏதாவது கிடைத்தால் அங்கே நில்லுங்கள். கருடன்மேல் பெருமாள் கோபுரத்தின் கீழ் வந்து நின்றதும் இரண்டு பெரிய குடைகளையும் சரித்து அவரை முழுக்க மறைத்துவிடுவார்கள். வெளியூர்க்காரர்கள் ஏதோ கோளாறு என்று எட்டிப் பார்ப்பார்கள். சோளிங்கரில் இருந்த தொட்டாசாரியார் ஒரு வருஷம் கருடசேவைக்கு வரமுடியாமல் குளக்கரையில் நின்று உருகினாராம், பெருமாள் அந்தக் கணம் இங்கிருந்து மறைந்து அங்கே போய்க் காட்சி கொடுத்தாராம். குடை மறைத்திருக்கும் அந்தச் சில நொடி அவர் சோளிங்கரில் இருக்கிறார் என்று கணக்கு. குடை நிமிர்ந்து வாகனம் வெளியே வந்ததும் கூட்டம் ஒரே அலையாக முன்னால் சாயும். குழந்தையைத் தோளில் வைத்திருப்பவர்கள் அதற்கு முன்பே சுவரோரம் நகர்ந்துவிட வேண்டும். புறப்பாடு அங்கிருந்து பெரிய காஞ்சிபுரம் கங்கைகொண்டான் மண்டபம் வரை போய்த் திரும்பும். வாசலில் சேவிக்க முடியாமல் போனவர்கள் மண்டபத்துக்கு முன்கூட்டியே போய் நின்றுகொள்ளலாம், அங்கே பெருமாள் கொஞ்ச நேரம் இளைப்பாறுவார்.